வாஷிங் மெஷினுக்கு வச்ச ஸ்டெதாஸ்கோப்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு டிராஃப்ட்லயே தூங்கிக்கிட்டிருந்த பதிவு இது. ஆபீஸ்ல ஆணி அதிகம், அதுதான் காரணம்னு சொல்லிக்கிட்டிருந்தேன். போன வாரம் தங்கமணி, "அந்த வாஷிங் மெஷின் கதையை எப்பதான் எழுதப்போறீங்க? எழுதினா உங்க பெருமையை மட்டும் எழுதாம அந்தம்மா கேட்டதையும் எழுதுங்க"ன்னு ஒரு போடு போட்டதால, இன்னைக்கு உக்காந்தாச்சு.

நாங்க இருக்கறது நியூ ஜெர்சியில ஒரு பழைய அப்பார்ட்மெண்ட். மூணு மாடி, 24 வீடு. வீட்டுக்குள்ள வாஷிங் மெஷின் வச்சுக்கக் கூடாதுன்னு லீஸ்லயே கொட்டை எழுத்துல போட்டிருப்பான். பேஸ்மெண்ட்ல பொதுவா மூணு வாஷர், நாலு ட்ரையர். 24 வீட்டு அழுக்கும் அந்த மூணு வாய்க்குள்ளதான் போயாகணும். நாங்க குடிவந்தப்போ காசு போடற மெஷின். ஒரு முறை துவைக்க 7 குவார்ட்டர், காய வைக்க 6 குவார்ட்டர். (குவார்ட்டர்னதும் சிரிக்கற மக்கா, இது 25 சென்ட் நாணயம்.) மாசத்துக்கு ஒரு தடவை பேங்க்குக்குப் போய், 40 நாணயம் அடங்கின 10 டாலர் சுருளா வாங்கிட்டு வந்து ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு வைப்போம்.

பிரச்சினை காசு இல்லை, மாடிப்படி. ஞாயித்துக்கிழமை காலையில கூடை நிறைய துணியும், ஒரு கையில சோப்பு டப்பாவுமா மூணு மாடி இறங்கிப் போனா, மூணு மெஷினும் ஓடிக்கிட்டிருக்கும். திரும்ப மூணு மாடி ஏறணும். அரை மணி கழிச்சு மறுபடி இறங்கினா, எனக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி வேற யாரோ துணியைப் போட்டிருப்பாங்க. அதைவிடக் கொடுமை, மெஷின் நின்னு போயிருக்கும், உள்ள யாரோட ஈரத்துணியோ கிடக்கும். எடுத்து மேல வைக்கலாமா கூடாதா? அடுத்தவங்க உள்ளாடையை நாம தொடறதா? இந்த தர்மசங்கடத்துக்கு இன்னும் எந்த நாட்டுலயும் தீர்வு கண்டுபிடிக்கலை.

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். நான் சின்ன வயசுல இருந்தது திருவல்லிக்கேணியில ஒரு ஸ்டோர் வீடு. ஸ்டோர்னா கடை இல்லை. நடுவுல முற்றம், சுத்தி எட்டு குடித்தனம், பொதுக் கிணறு, துவைக்க ஒரே ஒரு கல். "மாமி, கல்லு காலியா?"ன்னு நான் இங்கருந்து கத்துவேன். "ரெண்டு புடவைதான்டா பாக்கி, அம்மாவை வரச்சொல்லு"ன்னு அங்கருந்து பதில் வரும். யாருக்காவது விடிகாலையில துவைச்சாகணும்னா முந்தின ராத்திரியே கல்லு மேல வாளியைக் கவுத்து வச்சுட்டுப் போயிடுவாங்க. அதை எடுத்துத் தள்ளி வைக்கற தைரியம் எங்க ஸ்டோர்ல யாருக்கும் கிடையாது. பின்கட்டு அக்கா வீட்டுக்காரருக்கு அச்சாபீஸ்ல ராத்திரி வேலை. கல்லு அவங்க ஜன்னலுக்கு நேர் கீழ. அவர் வந்து படுத்ததுக்கு அப்புறம் யாரும் துணியை அடிச்சுத் துவைக்க மாட்டாங்க, கும்மறதோட சரி. இதுக்கெல்லாம் போர்டு எதுவும் எழுதி மாட்டலை.

சரி, நியூ ஜெர்சிக்கு வருவோம். 2019 குளிர்காலம். பனியில வெளிய போக முடியாம வீட்டுல அடைஞ்சு கிடந்த ஒரு சனிக்கிழமை, மெஷின் காலியா இல்லையான்னு மாடியில இருந்தே தெரிஞ்சுக்க ஒரு கருவி செஞ்சா என்னன்னு தோணிச்சு.

இது ஒண்ணும் என் மூளையில உதிச்ச புது ஐடியா இல்லை. 1982-லயே அமெரிக்காவுல கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துல, கோக் மெஷினுக்கு ஒயர் இழுத்து கம்ப்யூட்டரோட இணைச்சிருக்காங்க. அவ்வளவு தூரம் நடந்து போய் காலி மெஷினையோ ஆறாத பாட்டிலையோ பாத்துட்டு வரவேண்டாமேன்னு. பாட்டில் போட்டு எவ்வளவு நேரமாச்சு, சில்லுனு ஆகியிருக்குமான்னு கூட அது சொல்லும். 1991-ல கேம்பிரிட்ஜ்ல காபி கூஜா முன்னாடி கேமரா வச்சாங்க, 1993-ல அது வலைக்கே வந்துச்சு, 2001-லதான் அணைச்சாங்க. எம்.ஐ.டி.யில ராண்டம் ஹால்னு ஒரு விடுதி, அந்தப் பசங்க துணி துவைக்கற மெஷினையே வலையில ஏத்திட்டாங்க. ஆக, உலகத்தோட பெரிய கண்டுபிடிப்பெல்லாம் சோம்பேறித்தனத்துல இருந்துதான் வருது. நானும் அந்த வம்சம்தான் :-)

முதல்ல நினைச்சது கரண்ட்டை அளக்கற வழி. ஒயரைச் சுத்தி கிளிப் மாதிரி மாட்டற சென்சார் இருக்கு. மெஷின் ஓடினா கரண்ட் பாயும், நின்னா நிக்கும், சந்தேகத்துக்கே இடமில்லை. ஆனா ஒரு சிக்கல். முழு ஒயரையும் சேர்த்து கிளிப் போட்டா போற கரண்டும் வர்ற கரண்டும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டு சென்சார் பூஜ்யம்னு காட்டும். உறையை உரிச்சு ஒத்தை இழையில மட்டும் மாட்டணும். மெஷின் என்னுது இல்லை, ஒயரை உரிச்சா பூவா தலையா போட்டுப் பாக்காமலே என்னை வெளிய தள்ளிடுவாங்க. கட்டடத்துப் பொறுப்பாளரை இங்க 'சூப்பர்'னு கூப்பிடுவாங்க. அவர்கிட்ட கேட்டேன். "மெஷினைத் தொடாதே, மேல எதையாவது ஒட்டிக்கோ"ன்னுட்டார். நல்ல மனுஷன், பேருக்கேத்த மாதிரி.

அதனால அதிர்வு. நாலஞ்சு டாலர்ல கிடைக்கற அதிர்வு சென்சார் ஒண்ணு, வைஃபை உள்ள இஎஸ்பி8266 போர்டு ஒண்ணு, சின்ன பிளாஸ்டிக் டப்பா, இரட்டைப் பக்க டேப். டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைக்கற மாதிரி மெஷின் முதுகுல ஒட்டிட்டேன். ஆடினா ஓடுது, ஆடலைன்னா காலி. இவ்வளவுதானேன்னு நினைச்சேன் பாருங்க, அங்கதான் வச்சது ஆப்பு.

வாஷிங் மெஷின் எப்பவும் ஆடறதில்லை. தண்ணி ரொம்பும்போது சும்மா நிக்கும். துணி ஊறும்போது தூங்கும். அந்த நேரத்துல என் கருவி 'காலி'ன்னு காட்டும், நான் கூடையைத் தூக்கிக்கிட்டு ஓடுவேன், உள்ள பாத்தா நுரை. சரி, ஆறு நிமிஷம் தொடர்ந்து அசையாம இருந்தாத்தான் முடிஞ்சுதுன்னு வச்சுக்கலாம்னு மாத்தினேன். அடுத்த பிரச்சினை, மூணு மெஷினும் ஒரே சிமெண்ட் மேடையில. ஒண்ணாம் நம்பர் கடைசிச் சுத்துல பேய் பிடிச்ச மாதிரி ஆடும்போது, பக்கத்துல சிவனேன்னு இருக்கற ரெண்டாம் நம்பரும் ஓடுதுன்னு சொல்லும். மூணு சென்சாரையும் ஒப்பிட்டு, எது அதிகமா ஆடுதோ அதுதான் குற்றவாளி, மிச்சம் ரெண்டும் சாட்சின்னு கணக்கு எழுத ரெண்டு வாரம் ஆச்சு. மூணாவது பிரச்சினை, நின்ன மெஷின் எல்லாம் காலி மெஷின் இல்லை. உள்ள ஈரத்துணி இருக்கே! மூடியில ஒரு காந்த ஸ்விட்ச் வச்சேன். நின்னதுக்கு அப்புறம் மூடி திறந்தா பச்சை, திறக்கலைன்னா மஞ்சள், ஓடினா சிவப்பு.

தங்கமணி முதல் மூணு மாசம் இதை மதிக்கவே இல்லை. "ஏங்க, இதுக்குச் செலவழிச்ச நேரத்துல ஒரு வருஷத்துத் துணியைக் கையாலயே துவைச்சிருக்கலாம்"னு சொல்லிக்கிட்டிருந்தா. கணக்குப் போட்டா உண்மைதான்.

2020 மார்ச்ல கதை மாறிச்சு. கோவிட். பேஸ்மெண்ட்ல ஒரு நேரத்துல ஒரு வீட்டுக்காரங்க மட்டும்தான் இருக்கணும்னு கதவுல நோட்டீஸ். எல்லாரும் படிக்கட்டுல ஆறடி தள்ளித் தள்ளி நின்னு எட்டிப் பாத்துக்கிட்டிருந்தாங்க. சூப்பர் என்கிட்ட வந்து, "உன் பொம்மையை எல்லாருக்கும் காட்டலாமா?"ன்னு கேட்டார். மூணு வட்டம் உள்ள ஒரு பக்கத்தைத் தயார் பண்ணி, ஃபோன்ல ஸ்கேன் பண்ணற கட்டம் ஒண்ணை அச்சடிச்சு ஒவ்வொரு மாடியிலயும் ஒட்டினேன். தரைத்தளத்துல மகன் வீட்டோட ஒரு குஜராத்தி தாத்தா. அவர்கிட்ட அந்த மாதிரி ஃபோன் கிடையாது. அவருக்காகப் படிக்கட்டு ஓரம் மூணு கலர் விளக்கு வச்சேன். "ஸ்டேஷன் மாஸ்டர்"னு எனக்குப் பேர் வச்சார். லிஃப்ட்ல முகம் கொடுத்துப் பேசாதவங்க எல்லாம் கையை ஆட்ட ஆரம்பிச்சாங்க. நான் தரையில இருந்து ஒரு அடி மேல மிதந்தேன்னு வச்சுக்கோங்க.

நடுவுல ஒரு விஷயம். எல்லா அசைவையும் நேரத்தோட பதிவு பண்ணி வச்சிருந்தேன், சும்மா ஆராய்ச்சிக்கு. ஒரு ராத்திரி அதைப் பாத்துக்கிட்டிருக்கும்போது, ரெண்டாம் நம்பர் மெஷின் தொடர்ந்து அஞ்சு நாள் விடிகாலை மூணு மணிக்கு ஓடியிருக்கறது தெரிஞ்சுது. யாராயிருக்கும்னு யோசிச்சேன். அப்புறம் முதல் மாடியில ஒருத்தரோட அப்பா படுக்கையில விழுந்துட்டார்னு கேள்விப்பட்டப்போ புரிஞ்சுது. விடிகாலை மூணு மணிக்கு அவங்க படுக்கைத் துணியை அலசினது எனக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. உடம்பு கூசிப்போச்சு. அப்பவே பதிவு பண்றதை நிறுத்தியிருக்கணும். நான் என்ன பண்ணினேன்? எண்ணை எல்லாம் கூட்டிச் சராசரி எடுத்தா யாரோடதுன்னு தெரியாதேன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டு, 2021-ல அதை வச்சு ஒரு படம் போட்டேன். ஏழு நாள், ஒவ்வொரு நாளும் மூணு மணி நேரக் கட்டங்கள். கூட்டமான கட்டம் சிவப்பு, காலியான கட்டம் பச்சை. அழகா அச்சடிச்சு பேஸ்மெண்ட் சுவத்துல ஒட்டியும் வச்சேன். இருக்கறதுலயே அடர்ந்த பச்சை, செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒன்பதுல இருந்து பன்னிரண்டு.

ஒரு மாசம் இருக்கும். ட்ரையர்ல துணி எடுத்துக்கிட்டிருந்தேன். மூணாவது மாடியில எங்களுக்கு எதிர்வீட்டு அம்மா உள்ள வந்தாங்க. ஈக்வடார்ல இருந்து வந்தவங்க. ஆஸ்பத்திரியில துப்புரவு வேலை, சாயங்காலம் ஒரு ஆபீஸ்ல இன்னொரு வேலை. ரெண்டு பசங்க, வயசான அம்மா. அதுவரைக்கும் 'ஹலோ'வுக்கு மேல பேசினதில்லை.

"இந்தப் படத்தை ஒட்டினது நீங்களா?"

"ஆமாங்க"ன்னேன். அடுத்து பாராட்டு வரும்னு முகத்தைத் தயாரா வச்சுக்கிட்டேன்.

"செவ்வாய்க்கிழமை ராத்திரி காலியா இருக்கும்னு எழுதினதும் நீங்கதானா?"

"ஆமாங்க, கணக்குப் பாத்துதான் போட்டேன்."

"காலியா இல்லை. அப்போ நான் இருந்தேன்."

கோபமா எல்லாம் சொல்லலை. சாதாரணமாத்தான் சொன்னாங்க. அவங்களுக்கு சாயங்கால வேலை இல்லாத ஒரே நாள் செவ்வாய். பசங்களைத் தூங்க வச்சுட்டு பத்து மணிக்கு வருவாங்க. வாரத்துத் துணி மொத்தத்தையும், ஆஸ்பத்திரி யூனிஃபார்ம் உட்பட, மூணு மெஷின்லயும் ஒரே நேரத்துல போட்டு, ட்ரையரையும் முடிச்சு பதினொன்றரைக்குள்ள மேல போயிடுவாங்க. மறுநாள் காலை அஞ்சரைக்கு பஸ். ஆறு வருஷமா இப்படித்தான். அந்த நேரத்துல யாரும் வர்றதில்லைன்னு எந்தச் சென்சாரும் இல்லாம அவங்களே கண்டுபிடிச்சு வச்சிருந்த இடம் அது. இப்போ படத்தைப் பாத்துட்டு நாலஞ்சு பேர் செவ்வாய் ராத்திரி வர ஆரம்பிச்சுட்டாங்க. போன வாரம் ஒத்தை மெஷின்ல ஒவ்வொரு தடவையா போட்டு முடிக்க ராத்திரி ஒரு மணி ஆச்சாம்.

மேல வந்து கணக்கைத் திறந்து பாத்தேன். மூணு மெஷினும் சேர்ந்து முப்பத்தஞ்சு நிமிஷம் ஓடியிருக்கு. மிச்சம் ரெண்டே கால் மணி நேரத்துக்கும் மேல சும்மா இருந்திருக்கு. மூணு மணி நேரத்துக்குச் சராசரி எடுத்தா இருபது சதவீதம் கூட வரலை. அதனால பச்சை. ப்ரோக்ராம்ல ஒரு தப்பும் இல்லை. முதல் மாடிக்காரரை மறைக்கறதுக்குன்னு எடுத்த சராசரி, இந்த அம்மாவையும் மறைச்சிருக்கு.

படத்தைக் கிழிச்சேன். பக்கத்துல இருந்தும் தூக்கினேன், சேத்து வச்சிருந்த பதிவையும் அழிச்சேன். ஆனா செவ்வாய் ராத்திரி காத்தாடும்னு ஜனங்களுக்கு ஒரு தடவை தெரிஞ்சது தெரிஞ்சதுதானே. அவங்க வந்துக்கிட்டேதான் இருந்தாங்க. அவங்களைப் போய் வராதீங்கன்னு சொல்ல நான் யாரு?

ஸ்டாக்ஹோம்ல இருக்கற கல்லூரி நண்பன்கிட்ட புலம்பினேன். ஸ்வீடன்ல பொதுச் சலவை அறை பெரிய விஷயம், 'த்வெட்ஸ்தூகா'ன்னு பேர். பல கட்டடத்துல சுவத்துல ஒரு பலகை இருக்குமாம், நாளுக்கும் நேரத்துக்கும் ஒரு ஓட்டை. ஒவ்வொரு வீட்டுக்கும் நம்பர் போட்ட ஒரு சின்னப் பூட்டு. வேணுங்கற நேரத்துல உங்க பூட்டைச் செருகிட்டா அந்த நேரம் உங்களோடது, உங்க சாவி இல்லாம யாரும் அதை நகர்த்த முடியாது. அப்படியும் நேரம் தவறினவங்களுக்குக் கதவுல ஒட்டற கோபக் கடுதாசிகள் அங்க ரொம்பப் பிரசித்தம்னான். நானும் ஆர்வக்கோளாறுல என் பக்கத்துல முன்பதிவு பட்டன் வச்சேன். ரெண்டு வாரம் கூடத் தாங்கலை. அந்தம்மா பேர்ல பதிவு பண்ணின மெஷின்ல வேற ஒருத்தர் போட்டுட்டு, "எனக்கு இந்தப் பக்கம் எல்லாம் தெரியாது சார்"னுட்டார். ஸ்வீடன்ல கட்டடமே சேர்ந்து ஒத்துக்கிட்ட பலகை அது. இது மூணாவது மாடிக்காரன் பொழுதுபோகாம செஞ்சது. எவன் மதிப்பான்?

2023-ல மொத்தத்தையும் மாத்திட்டாங்க. புது மெஷின், நாணய ஓட்டையே கிடையாது, எல்லாம் ஆப். குறைஞ்சது 10 டாலர் உள்ள போட்டு வச்சாத்தான் வேலை செய்யும். எது காலின்னு அந்த ஆப்பே காட்டும், முடிஞ்சா மணியடிக்கும். நான் ரெண்டு வருஷம் மல்லுக்கட்டினதெல்லாம் ஓசியில வருது. பேஸ்மெண்ட்ல சிக்னல்தான் கிடையாது. எல்லாரும் பாதிப் படிக்கட்டு ஏறி ஃபோனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாங்க. குஜராத்தி தாத்தாவுக்கு இப்ப மருமகள் துணை இல்லாம ஒரு கைக்குட்டை துவைக்க முடியாது. 2024-ல இன்னொரு கூத்து. சாண்டா க்ரூஸ்ல ரெண்டு மாணவங்க, நாடு முழுக்க மெஷின் வச்சிருக்கற ஒரு சலவை நிறுவனத்தோட ஆப்ல காசே இல்லாம மெஷினை ஓட விடலாம்னு காட்டினாங்க. அனுமதி சரியான்னு ஃபோன் ஆப்லயே பாத்துட்டு, சர்வர் அதை அப்படியே நம்பியிருக்கு. செய்தியைப் படிச்சப்போ எனக்கு என் ஹார்லிக்ஸ் பாட்டில் ஞாபகம் வந்துச்சு.

என் மூணு டப்பாவையும் பேத்து எடுத்துட்டேன். படிக்கட்டு விளக்கும் போச்சு. பழைய மெஷின்கள் போகும்போது அதுங்க முதுகுல டேப் கறை மட்டும் சதுரமா இருந்துச்சு.

தங்கமணிதான் ஒரு நாள் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினா. கூடவே ஒரு டப்பா எலுமிச்சை சாதம். என்ன பேசினாங்கன்னு எனக்கு முழுசாத் தெரியாது. அன்னையில இருந்து செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒன்பதரை ஆச்சுன்னா, எங்க வீட்டு நீலக் கூடை ஒண்ணு, அந்தம்மா வீட்டுக் கூடை ரெண்டு, மூணையும் தூக்கிக்கிட்டு கீழ போறா. எந்த மெஷின் ஓடாம இருக்கோ அது மேல கவுத்து வச்சுட்டு வந்துடறா. ஓடிக்கிட்டிருந்தா பக்கத்துல வச்சுட்டு வர்றா. முதல் ரெண்டு மூணு வாரம் யாரோ கூடையை எடுத்துக் கீழ வச்சாங்க. இவ மறுபடி போய் வச்சா. இப்போ யாரும் தொடறதில்லை.

போன செவ்வாய் ஒன்பதே முக்காலுக்கு ஆப்பைத் திறந்து பாத்தேன். மூணு மெஷினும் பச்சையா, காலின்னு காட்டிக்கிட்டிருந்துச்சு.